மூன்றாவது குப்பி ஏன் ஒளிர்ந்தது?

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. நுண்ணோக்கியோடு இணைத்த திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வாண்டு பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

வாண்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். வயது பத்து. பள்ளி அரைநாளோடு முடிந்தால் அத்தை வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். வெளி அறையில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். கிருமிகள் இருக்கும் உள் அறைக்குள் மட்டும் போகக் கூடாது.

அன்று வந்ததுமே அத்தையைத் துளைத்தெடுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தவளைத் தோலில் இருக்கும் ஒரு குட்டிப் புரதம் கிருமியைக் கொல்கிறதாம். எப்படிக் கொல்கிறது? கிருமியைச் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறது. புரதம் அதில் ஓட்டை போட்டால், அத்தை ஊற்றும் சாயம் உள்ளே நுழைந்து சிவப்பாக ஒளிரும். தோல் நன்றாக இருந்தால் சாயத்தால் நுழையவே முடியாது.

இரண்டு குப்பிகளில் புரதம் உண்டு. மூன்றாவதில் கிருமியும் சாயமும் மட்டும்தான். அது இருட்டாகவே இருக்க வேண்டும்.

இப்போது மூன்றாவதும் சிவப்பாக ஒளிர்ந்தது.

“இதுல புரதமே போடல. அப்புறம் எப்படிச் செத்துச்சு?” அத்தை திரையைப் பார்த்தே கேட்டார்.

இரண்டு வருட உழைப்பு. புரதம் இல்லாமலே கிருமி சாகிறது என்றால், புரதம்தான் கொன்றது என்று யார் நம்புவார்கள்? நாலு மணிக்கு ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர் வருகிறார். முடிவு சரியில்லை என்றால் ஆராய்ச்சியை இன்றோடு நிறுத்திவிடுவார்.

வாண்டுவின் பார்வை வெளி அறையின் கை கழுவும் தொட்டிப் பக்கம் போனது. அப்படியே உறைந்துபோனாள்.

குப்பி கழுவும் அண்ணன் இன்று லீவு. பாவம், அத்தை ஒண்டியாளாக அல்லாடுகிறாரே என்று, அங்கே அடுக்கியிருந்த குப்பிகளை எல்லாம் அவள்தான் பளபளவென்று தேய்த்து வைத்தாள். தாராளமாக சோப்பு போட்டு.

யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இனி இந்தப் பக்கமே வர முடியாது. ஆனால் அத்தை அழப் போகிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“அத்தை, குப்பியெல்லாம் நான் கழுவிட்டேன். சோப்பு போட்டு.”

அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எப்போ?”

“நீங்க கூட்டத்துக்குப் போனப்போ. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துடும்ல? கிருமியோட தோலும் கொழுப்புன்னு சொன்னீங்களே. அதையும் கிழிச்சிருக்குமோ?”

அத்தை வெளியே ஓடிவந்தார். அந்தக் குப்பிகளை வெறும் தண்ணீரில் பத்துத் தடவை அலசுவதுதான் வழக்கம். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் போச்சு. திட்டு விழப்போகிறது என்று வாண்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“நீ கழுவாத குப்பி ஏதாவது மிச்சம் இருக்கா கண்ணு?”

“மேல் தட்டுல இருக்கு. எனக்கு எட்டல.”

நல்லவேளை, அவள் குள்ளம். அத்தை மேல் தட்டிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மறுபடி கிருமி, மறுபடி சாயம், முதல் இரண்டில் மட்டும் புரதம். கடிகாரம் மூன்றரையைத் தாண்டியது. வாண்டு மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

முதல் குப்பி சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு அத்தை திரையைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது திரை கும்மிருட்டாக இருந்தது. அந்த ஒன்றுமில்லாத கறுப்பைப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தையும் இந்தப் பக்கம் வாண்டும் குதித்துக்கொண்டிருந்தார்கள்.