சிகோமோவின் நான்காவது தடம்

கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில், சமையலறையிலிருந்து கூடம்வரை நாயின் ஈரத் தடங்கள் போயிருந்தன. முதிந்தா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். சிகோமோவுக்கு மூன்றே கால்கள். பின்னங்கால் இல்லாத இடப்பக்கத்தில், ஒவ்வொரு எட்டுக்கும் தவறாமல், சின்னதாக ஒரு மனிதக் கால் பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் தெரிந்தன.

"லுயாண்டோ மிதிச்சிருப்பா," என்றான் கணவன் சூல்வே, தட்டிலிருந்த நிஷிமாச் சோளக்களியை உருட்டிக்கொண்டே.

"அவ ஸ்கூல்ல இருக்கா. தரையை நான் இப்பதான் கழுவினேன்."

"ஊர்ல எல்லாரும் இருக்கிறதை எண்ணுவாங்க. நீ இல்லாத காலை எண்ணிட்டிருக்கே, லுயாண்டோ அம்மா!"

அவனே சிரித்துக்கொண்டான். இரண்டு வாரம் வைத்திருந்தால் போதும் என்றுதான் காப்பகத்திலிருந்து நாயைக் கொண்டுவந்தான். இரண்டு மாதமாயிற்று. இன்று நிரந்தரமாகத் தத்தெடுக்கக் கையெழுத்துப் போடப் போகிறான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் கிளம்பியதும் காப்பகத்து கபாசோ அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"கால் கம்பிக் கண்ணியில மாட்டிப் போச்சும்மா. தங்கமான நாய். போன வீட்டுலகூட ஆசையாத்தான் வச்சிருந்தாங்க. அந்த வீட்டுப் பொண்ணுக்குத்தான் பாவம், திடீர்னு நடக்க முடியாம..."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். இல்லை. ஏழு தடவை. எரிச்சலில் கைப்பேசியைச் சோபாவில் எறிந்தாள்.

மூன்று மணிக்கு லுயாண்டோ லேசாக நொண்டிக்கொண்டு வந்தாள்.

"மரத்துப்போச்சும்மா. காலையிலேருந்தே."

முதிந்தா காலுறையைக் கழற்றினாள். இடது பாதம் கிணற்றுக் கல்லைப்போலச் சில்லிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறவேயில்லை. மகளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, நாயைச் சங்கிலியோடு தரதரவென்று இழுத்துப்போய், கொல்லையில் அவகாடோ மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். அது முரண்டு பிடிக்கவில்லை, கடிக்கவில்லை, நன்றியோடு பார்ப்பதுபோல அவளையே பார்த்தது.

சிலெஞ்சேக் குடியிருப்பின்மேல் மழைமேகம் கவிந்து நாலு மணிக்கே வீடு இருண்டது. வழக்கம்போல மின்சாரமும் போயிற்று. மண்வாசனையோடு ஈர நாயின் வாடையும் உள்ளே வந்து திரைச்சீலைகளில் தங்கியது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்து, பிறகு தெருச் சத்தங்களை மூடிக்கொண்டு கொட்டத் தொடங்கியபோது, கைப்பேசி மினுங்கியது. சூல்வேயின் செய்தி.

"கையெழுத்துப் போட்டாச்சு. இனி அவன் நம்ம வீட்டுப் பிள்ளை."

ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள். மரம். சங்கிலி. வெறும் கழுத்துப்பட்டை.

மகளின் அறைக்குள் ஏதோ நடக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக. சீராக. நொண்டாமல்.

"லுயாண்டோ?"

நடை நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தொம். இடைவெளி. தொம். ஒரே ஒரு கால் தத்தித் தத்தி வரும் சத்தம். கதவை நெருங்கியது. கைப்பிடி திரும்பியது.

லுயாண்டோ நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பாவாடை விளிம்புக்குக் கீழே வலது பாதம் மட்டும் இருந்தது. ரத்தமில்லை. காயமில்லை.

"வலிக்கலம்மா," என்றாள். "அவன் கேட்டான். குடுத்துட்டேன்."

அவளுக்குப் பின்னால், இருட்டில், சிகோமோ நான்கு கால்களையும் ஊன்றி நேராக நின்று வாலாட்டியது.