முப்பத்தொரு செவ்வாய்

விடைப்பொறி பதினோரு வினாடிக்கு மேல் யாரையும் காக்கவைத்ததில்லை. அரசாங்கத்தின் எந்தத் தாளையும் எவரும் பார்க்கலாம், எதற்கு என்று திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று திறந்த ஏட்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து பேருந்து நிலையம்தோறும் அந்தப் பொறியிடம் கேட்க ஒரு கேள்விக்கூண்டு நின்றது. யார் என்ன கேட்டார்கள் என்பதும் அரசாங்கத் தாள்தானே? அதையும் கேட்கலாம்.

ஒரே விலக்கு மறைவர்கள். அடித்து நொறுக்கும் கணவனிடமிருந்து, ஆசிட் பாட்டிலோடு திரிகிறவனிடமிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுடைய பெயரும் முகவரியும் பொறிக்கு மட்டுமே தெரியும். புதுக்கோட்டையில் மறைவர் பிரிவைக் கவனித்துவந்த அமலோற்பவத்துக்கே தெரியாது. அவளிடம் இருந்ததெல்லாம் ஆளுக்கொரு எண்ணும், அவர்கள் யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவனுடைய பெயரும் படமும்தான்.

அவளும் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மறைவர்கள் பயத்தில் தூங்குவதில்லை என்று தெரிந்து, கூண்டில் ஒரு புதுக் கேள்விக்கு ஏற்பாடு செய்தாள். கட்டைவிரலை வைத்து, 'என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா?' என்று கேட்கலாம். 'இல்லை' என்று பொறி சொல்லும். அந்த ஒற்றைச் சொல்லை வாங்கிப்போக வாரம் தவறாமல் வந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், தன் பிரிவைப் பற்றி யார் யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று வழக்கம்போல் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஆம்பூர் லிங்கதுரை. 2217ஆம் எண்ணுக்கு எதிரே படத்தில் இருக்கும் அதே ஆள்.

அவன் தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. முகவரியையும் கேட்கவில்லை. 'என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்ற கேள்வி, போன புரட்டாசிக்குப் பிறகு புதிதாக எந்தெந்தக் கூண்டில் கேட்கப்படுகிறது? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?' இவ்வளவுதான். 2217 இந்தப் பிரிவுக்கு வந்ததும் அந்தப் புரட்டாசியில்தான். பெயரில்லை, முகவரியில்லை, ஆகவே மறைக்க ஒன்றுமில்லை என்று பொறி பதில் கொடுத்திருந்தது. ஒரே ஒரு வரி. அறந்தாங்கி பேருந்து நிலையம், செவ்வாய் மாலை ஆறு பத்து, முப்பத்தொரு வாரமாக.

ஐயோ, நானே வழிகாட்டிவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னாள் அமலோற்பவம். அந்தப் பெண்ணை எச்சரிக்க அவளிடம் போன் நம்பர் கிடையாது. பொறி வழியாக எழுத்தில் எது அனுப்பினாலும் அது பதினோரு வினாடியில் அவனுக்கும் கிடைக்கும். அறந்தாங்கி காவல் நிலையத்துக்குத் தன் சொந்தப் போனில் பேசினாள்.

"பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து டீ குடிக்கிறது குத்தமா மேடம்?" என்றார் அங்கிருந்தவர். "ஏதாச்சும் நடந்தா சொல்லுங்க, வர்றோம்."

நடந்த பிறகு சொல்ல அவள் எதற்கு? போட்டது போட்டபடி கிடக்க, பஸ் பிடித்து ஓடினாள்.

கூண்டுக்கு எதிர்ப் பெஞ்சில் அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு துணிப்பை. மணி ஆறு. வேலை விட்டு வந்த பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோனார்கள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. 2217 எப்படி இருப்பாள் என்றே அவளுக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் அவளை அடையாளம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆகவே அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் கண்ணையே பார்த்தாள். ஆறு எட்டுக்கு அந்தக் கண் ஒருத்தியின் மேல் நிலைத்தது. கை பைக்குள் போனது. அவன் எழுவதற்குள் அமலோற்பவம் பாய்ந்து, சாப்பாட்டுக் கூடையோடு வந்த மெலிந்த பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பஸ் கெளம்பிருச்சு, ஓடியாங்க!"

இழுத்துக்கொண்டு ஓடி, நகரத் தொடங்கிய புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினாள். அவன் படிக்கட்டை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடிவந்து மூச்சுவாங்க நின்றுவிட்டான். அந்தப் பெண்ணும் அவனைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க யாரு?" என்றாள்.

"கூண்டுல அந்தக் கேள்விய வச்சவ. மன்னிச்சிருங்கம்மா."

"இல்லைன்னுதானே சொல்லுச்சு மேடம்? முப்பத்தொரு வாரமும் இல்லைன்னுதானே சொல்லுச்சு!"

"உண்மையத்தான் சொல்லுச்சு. உங்களப் பத்தி அவன் கேக்கவே இல்ல."

பெண்ணின் பெயர் செவ்வந்தி. போக அவளுக்கு இடமில்லை. "என் வீட்டுலயே இருங்க," என்றாள் அமலோற்பவம். "நான் ஒண்டிக்கட்டை. அங்க வந்து யாரும் தேட மாட்டாங்க."

மறுநாள் காலை இட்லியை மூடி வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வழியில் பேருந்து நிலையத்தில், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டும்போது கை நின்றது. நேற்று அவசரத்தில் இதைக் கழற்றாமலே ஓடியிருந்தாள். பஸ்ஸோடு ஓடிவந்தவனின் கண் செவ்வந்தியின் மேல் இல்லை, இந்த அட்டையில் எழுதியிருந்த பெயரின் மேல்தான் இருந்தது.

கூண்டுக்குள் போய்க் கட்டைவிரலை வைத்தாள். தான் வைத்த கேள்வியை வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே கேட்டாள்.

'ஆம்,' என்றது பொறி. 'ஒருவர். கோரியது வீட்டு முகவரி. அரசு அலுவலர்கள் மறைவர் அல்லர். நேற்று மாலை ஆறு இருபதுக்கு வழங்கப்பட்டது.'