எறும்பு மிதியாமல் போன ஒற்றன்

ஐப்பசி மழை ஓய்ந்த மூன்றாம் நாள் அந்திப் பொழுதில், பெண்ணையாற்றின் செம்புனல் மீது கதிரவன் தன் கடைசிப் பொற்கதிர்களைச் சிந்திக்கொண்டிருந்தான். கரையோரத்து நாணல்கள் வெண்பூக்களை அசைத்து அவனுக்கு விடைகொடுத்தன. ஆற்றின் தென்கரையில் வெண்பாறைக் கோட்டையும், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் சமணர்களின் பள்ளிக்குன்றும் நின்றன. வடகரையில், மரங்களுக்கு அப்பால், பகைவர் பாசறையின் புகை எழுந்துகொண்டிருந்தது.

அன்பு வாசகர்களே, அந்தப் புகையைப் பாராமல் குன்றின் அடிவாரத்தைப் பாருங்கள். அங்கே நாற்பது வில் வீரர்கள் ஒரு கல்லுக்கு முன்னால் தயங்கி நிற்கிறார்கள். இடுப்புயரமுள்ள வெறும் கல்தான். 'இது அஞ்சினான் புகலிடம். அஞ்சி இதனுள் வந்தவரைத் தொடுபவன் என் குலத்தைத் தொட்டவன்' என்று அதில் வெட்டியிருந்தது. வெட்டுவித்தவர் சிவனடியாரான பழைய வேள். இப்போது அவருடைய பேர்த்தி பூதிநங்கை அதன் முன் நின்றாள். தந்தை நோயில் கிடந்ததால் மூன்று மாதமாகக் கோட்டையைக் காப்பவள் அவளே.

"ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாச்சியாரே," என்றான் வில்படைத் தலைவன் காடன். "உள்ளே இருப்பவர்கள் கொசுவைக்கூட அடிக்காதவர்கள். எங்களையா தடுக்கப்போகிறார்கள்?"

"தடுக்க ஆள் இல்லாத வாசல் என்பதால்தானே கல் நட்டார் என் பாட்டனார்?"

"கல் நட்டவர் இன்று இருந்தால் கல்லைப் பிடுங்கி உள்ளே புகுந்த ஒற்றன் தலையில் போட்டிருப்பார். துறை அவனுக்குத் தெரிந்துவிட்டது. விடிந்ததும் அக்கரைக்குப் போய்ச் சொல்வான். நாளைப் பகலில் நம் கோட்டை இராது."

காடன் சொன்னதில் பிழையில்லை. ஆற்றுக்கு அடியில், வெளியே தெரியாதபடி கற்களைப் பரப்பி, இடுப்பளவு நீரில் கடக்கும் துறை ஒன்றைப் பழைய வேள் அமைத்திருந்தார். கோட்டையின் உயிர் அந்த இரகசியத்தில் இருந்தது. அதைத் திருவெண்காடன் என்ற பாடகனுக்குக் காட்டியது யார் தெரியுமா? பூதிநங்கையேதான். மூன்று மாதங்களுக்கு முன் நெற்றி நிறையத் திருநீறும் கையில் யாழுமாக வந்தவன் அவன். கோயிலில் அவன் பாடிய மாலைகளில் அவள் தன்னை மறந்தாள். ஒரு நாள் ஆற்றங்கரையில் மூன்று பனைகளை அடையாளம் காட்டியும் விட்டாள். இன்று நண்பகலில் அவன் அத்துறையை ஓலையில் வரைந்தது பிடிபட்டது. துரத்தியவர்களுக்குத் தப்பி ஓடி வந்து, இந்தக் கல்லைத் தாண்டி உட்கார்ந்துகொண்டான்.

வேடிக்கை அதுவல்ல. 'ஒரு நாட்டில் இரண்டு நெறி எதற்கு? சமணப் பள்ளியை இடித்துவிடுங்கள்' என்று மூன்று மாதமாக அவள் காதில் ஓதியவன் அவன். 'எவர் நெறியும் இங்கே வாழலாம்' என்று மறுத்தவள் அவள். இப்போது அவன் பழித்த கல் அவனைக் காத்தது. அவள் காத்த கல் அவள் கோட்டையைக் கேட்டது.

பூதிநங்கை உடைவாளைக் கழற்றிக் காடனிடம் கொடுத்தாள். குதிரைச் சேணத்தில் இருந்த கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு கல்லைக் கடந்தாள்.

பள்ளியின் தலைவியான பெண்துறவி சாந்திமதிக் குரத்தியார் பாறைக் குகையின் வாசலில் மயிற்பீலியால் தரையை மெல்லக் கூட்டிக்கொண்டிருந்தார். வயதில் நங்கையை விட இரண்டொரு ஆண்டே மூத்தவர்.

"அவனைத் தாருங்கள் என்று கேட்க வரவில்லை, குரத்தியாரே. இருக்கிறானா என்று பார்க்க வந்தேன்."

"இருக்கிறார். எங்கள் பள்ளியை இடிக்கச் சொன்னவர் என்று உம் வீரர் கீழிருந்து கத்தினார். என் மனம் கசக்கிறது. கசந்தாலும் தள்ள வழியில்லை. புகலடைந்தவர் இருட்டில் நடந்து உயிர்களை மிதிக்கக்கூடாது என்பது பள்ளியின் விதி. விடிந்ததும் எங்கள் பரிசலில் போகலாம்."

"அவன் போனால் நாங்கள் அழிவோம்."

"தெரியும். அவரைத் தந்தால் இந்த இடம் அழியும். இரண்டில் எது அறம் என்று அவர் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். விளங்கவில்லை, நங்கையே."

குகையின் உட்புறம் அவன் சுவரில் சாய்ந்திருந்தான். வியர்வையில் நெற்றித் திருநீறு கரைந்துபோயிருந்தது. பகல் முழுவதும் பட்டினி என்பது முகத்தில் தெரிந்தது. நங்கை வாழை இலைப் பொதியை அவிழ்த்து அவன் முன் வைத்தாள். தயிர்ச்சோற்றின் மணம் எழுந்தது. அவன் கை தானாக நீண்டது. வெளியே மங்கிய வானத்தை அவன் பார்த்ததும் கை நின்றது. பொதியை மெதுவாகத் தள்ளியது.

"இன்றும் விரதமா, பாடகரே?"

மூன்று மாதத்து மாலைகள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. ஒரு நாள் பிரதோஷம் என்பான். ஒரு நாள் தொண்டைக்கு ஆகாது என்பான். விளக்கு வைத்த பிறகு அவன் ஒரு கவளம்கூட உண்டதே இல்லை.

"பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள் சமணர்களே. நீர் சமணர்," என்றாள்.

"என் பெயர் அரிட்டநேமி," என்றான் அவன். குரலில் பாட்டு இல்லை. "வடகரை வேள் எங்கள் பள்ளிகளைப் பூட்டி மூன்று ஆண்டாகிறது. என் தமக்கையும் ஒரு குரத்தி. அவளைச் சிறையில் வைத்து என்னை அனுப்பினார். இந்தப் பள்ளியை உம்மைக் கொண்டே இடிக்க வைத்தால் சமண வணிகர் கசந்து போவர், கோட்டைக்கு நெல் வராது என்பது அவர் கணக்கு. அது பலிக்காவிட்டால் துறையைக் கண்டு சொல்ல வேண்டும்."

"உம் பள்ளியை இடிக்க நீரே பாடினீர்."

"நீர் மறுத்த ஒவ்வொரு நாளும் எனக்கு மகிழ்ச்சி. மறுத்தீர் என்று ஓலை எழுதும்போது அச்சம். எது நான் என்று எனக்கே தெரியாமல் போயிற்று."

"என்னிடம் காட்டிய அன்பு எந்தக் கணக்கில்?"

அவன் தரையைப் பார்த்தான். "எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அதனால்தான் ஓலையை ஐந்து நாள் தாமதித்தேன். தாமதித்ததால் பிடிபட்டேன்."

அவனை வெறுக்க அவள் முயன்றாள், முடியவில்லை. மன்னிக்க முயன்றாள், அதுவும் முடியவில்லை. இப்படிப்பட்டவனையும் காக்கும் பொறை பெருந்தன்மையா பேதைமையா? பாட்டனாரிடம் கேட்க வழியில்லை. அவன் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கரையில் என்ன சொல்வீர்?"

"பொய் போதும் என்றாகிவிட்டது. துறை இருக்கும் இடத்தைச் சொல்வேன். சொல்லாவிட்டால் தமக்கை இல்லை."

"அப்படியானால் முழு உண்மையைச் சொல்லும். விடிவதற்குள் என் ஆட்கள் துறையின் கற்களைப் பெயர்த்துவிடுவார்கள். கல் போனால் மணலை வெள்ளம் கொண்டுபோகும். அங்கே யானையும் நிலைகொள்ளாது. உம் பேச்சை நம்பி ஒருவரும் இறங்கி மாளக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்."

வாசலில் நின்ற குரத்தியாரின் கையில் பீலி அசையாமல் நின்றது.

"இன்னொன்று. உம் வேளின் மருமகன் சென்ற போரில் பிடிபட்டு என் சிறையில் இருக்கிறான். நெய் பழசு என்று நாள்தோறும் குறை சொல்கிறான். உம் தமக்கையை இந்தக் குன்றில் கொண்டுவிட்டால் அவனை அனுப்புகிறேன் என்று சொல்லும்."

அரிட்டநேமி எழுந்து கைகூப்பினான்.

நங்கை இறங்கி வந்து, வீரர் கேட்க, கல்லின் மேல் கை வைத்தாள். "இதை நட்டது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் வரை இதை அசைக்கமாட்டேன், அசைக்கவிடவும் மாட்டேன். இது என் குலத்தின் மேல் ஆணை."

"தெரிவதற்குள் நமக்கு நரைத்துவிடும்," என்று முணுமுணுத்தபடியே காடன் கற்களைப் பெயர்க்க ஆட்களைத் திரட்டப் போனான்.

பொழுது புலர்ந்தது. மூன்று பனைகளின் கீழே ஆறு சுழித்து ஓடியது, துறை இல்லை. இரவெல்லாம் கல் பெயர்த்துக் கை கொப்புளித்த வீரர்கள் பாதையின் இருபுறமும் வில்லை வளைத்து நின்றார்கள். பள்ளியின் கதவு திறந்தது.

வாசகர்களே, இருளில் மதிலேறிக் குதித்த ஒற்றர்களையும், குதிரையில் பறந்த ஒற்றர்களையும் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். இவன் நடந்தான். மழை ஈரத்தில் பாதை எங்கும் சிவந்த தம்பலப்பூச்சிகளும் எறும்புகளும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்து, வெற்றிடம் தேடிக் கால் வைத்தான்.

"நாச்சியாரே, தப்பி ஓடுகிறவன் கொஞ்சம் விரைந்து ஓடினால் என்ன?" என்றான் காடன். "நாண் இழுத்த கை வலிக்கிறது."

"இறக்கிவிடு."

வில்கள் தாழ்ந்தன. மூன்று மாதமும் அவள் முன் அண்ணாந்து பாடியவன், இப்போது தலையை ஒருமுறையும் நிமிர்த்தாமல், தன் பாதங்களையே பார்த்தபடி பரிசல்வரை போனான். அவளையும் அவன் பார்க்கவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும், அவனைத் தான் உண்மையாகப் பார்ப்பது இதுவே முதல் முறை என்றும் அவளுக்குத் தோன்றிற்று.