பேசாமல் நீட்டிய முழங்கை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் தெரியாதவனைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது, கை மட்டும் நீள்கிறது. எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், போகவே வேண்டாத எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டு, புண்ணியம் சேர்ந்த திருப்தியில் நடையைக் கட்டுகிறார்கள்.

அதனால்தான் அன்று மத்தியானம், வேலை முடிந்து திரும்புகையில் சிக்னல் அருகே யாரோ தன் முழங்கையால் அவர் புறங்கையை மெல்லத் தொட்டதும் கண் தெரியாத மசாஜ்காரருக்குப் பிடித்துப்போயிற்று. முறை தெரிந்த ஆள். இழுக்கவில்லை, பிடித்துக்கொள் என்று நீட்டுகிறான். இடது கையால் பிடித்தார். முழுக்கைச் சட்டை. துணிக்குள் கை ஜில்லென்றிருந்தது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் அது ஒன்றுதான் இடித்தது.

"வாயைத் திறந்து பேசுனா முத்து உதிர்ந்துடுமா?" என்றார்.

முழங்கை நகர்ந்தது.

கழுத்துக் கயிற்றில் தொங்கிய போன், "இடது பக்கம் திரும்பவும்" என்றது. முழங்கை வலது பக்கம் திரும்பியது.

போனை அவர் நம்புவதில்லை. போன வாரம் இதே குரல்தான் நேராகப் போகச் சொல்லி, தோண்டிப்போட்ட பள்ளத்தில் அவரை இறக்கியது. முட்டி கிழிந்து வந்தவரிடம் மகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை வழி தப்புனீங்க, அதோட வேலைக்கு முழுக்கு. வீட்டுல ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காருங்கப்பா." அதற்குப் பெயர் உட்காருவதா? மூலையில் போட்டு வைப்பது.

"வழி மாறிவிட்டது" என்றது போன்.

"உன்னைக் கேட்டாங்களா?"

முழங்கை போன வழியே நடந்தார். பஸ்களின் உறுமல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்தது, பெட்ரோல் நாற்றம் போய் ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது, இடது கன்னத்தைச் சுட்டுக்கொண்டிருந்த வெயில் விளக்கை அணைத்தாற்போல் நின்றது, இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி வருவதைக் குச்சியின் எதிரொலி காதுக்குச் சொன்னது. தன் செருப்புச் சத்தம் கேட்டது. குச்சிச் சத்தம் கேட்டது. கூட வருகிறவனின் காலடி மட்டும் கேட்கவில்லை.

வெறுங்காலோடு வருகிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சந்தேகத்துக்கு, எதிரே இருப்பதைப் படம்பிடித்துச் சொல்லும் வசதியைப் போனில் தட்டினார். குச்சியை அக்குளில் இடுக்கி, கையைத் தூரமாக நீட்டி, போனைத் தங்கள் பக்கம் திருப்பினார்.

"குறுகலான தெரு. ஒரு வயதான ஆண். இடது கையை மடக்கி வைத்திருக்கிறார்."

"ரெண்டு பேருடா மடையா."

"ஒரு வயதான ஆண்."

குச்சியை இடது பக்கம் வீசினார். கால் இருக்க வேண்டிய இடத்தைக் கடந்துபோய்ச் சுவரில் இடித்தது. கீழே வீசினார். மேலே வீசினார். காற்று.

ஆனால் முழங்கை இருந்தது. விரலுக்குள் இருந்தது.

நாற்பது வருஷம் அடுத்தவர் உடம்பைப் பிடித்துவிட்ட கை அது. போன் பொய் சொல்லும், கை சொல்லாது. கட்டைவிரலை மேலே ஏற்றினார். புஜம். இன்னும் மேலே. தோள்பட்டை வர வேண்டும்.

இன்னொரு முழங்கை வந்தது.

அதற்கு மேலே ஏற்ற விரலுக்குத் துணிவில்லை. கையை எடுக்கப் பார்த்தார். முழங்கை மடங்கியது. விரல்கள் உள்ளே சிக்கிக்கொண்டன. நோகவில்லை. விடவும் இல்லை.

போன் அடித்தது. மகள். படத்தோடு பேசுகிற அழைப்பு. எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

"அப்பா, எங்க போறீங்க? மேப்புல வேற எங்கயோ காட்டுது."

"ஒருத்தர் கூட்டிட்டுப் போறாரும்மா."

"யாருப்பா? பக்கத்துல யாருமே இல்லையே. கையை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

இது என் கையை விடமாட்டேங்குது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் தீர்ந்தது, நாளையிலிருந்து ரேடியோ. விழுங்கிக்கொண்டார். வலது கையால் இடது கையைப் பிடித்து இழுத்தார். கழுத்துக் கயிறு சிக்கி அறுந்தது. போன் தரையில் விழுந்து சறுக்கியது.

முழங்கை நிற்கவில்லை.

"அப்பா! போன் விழுந்துடுச்சா? சுவர்ல சாஞ்சு கிடக்குபோல. தெரு கடைசி வரைக்கும் தெரியுது. நீங்க எங்கப்பா?"

"இங்கதாம்மா! உன் முன்னாடிதான்!"

"பேசுங்கப்பா! யாரையுமே காணோமே!"

கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அவள் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

நடிக்கிறாள். வீட்டில் உட்கார்த்தி வைக்க ஒரு நாடகம். மகளும் போனும் கூட்டு.

குச்சியைத் தட்டினார்.

சத்தம் வரவில்லை.

ஓங்கித் தட்டினார். இப்போது தன் செருப்புச் சத்தமும் கேட்கவில்லை.

"எல்லாம் புளுகு" என்று முணுமுணுத்தார். பின்னால் மகளின் அழுகை சிறுத்துக்கொண்டே போக, முழங்கை போன பக்கம் நடந்தார்.