அஸ்தத்தில் ஒரு விரல் குறைவு

அஸ்தத்தில் ஐந்து நட்சத்திரம் இருக்க வேண்டும். அன்றிரவு நான்குதான் இருந்தது.

முருகவேல் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாசி அமாவாசைக்கு முந்தின இரவு. மேகம் துளிகூட இல்லை. கே.ஜி.கண்டிகை போகிற சாலையை ஒட்டிய அந்தப் புது மனைப்பிரிவில் அவன் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் கல் நட்டுப் புல் முளைத்த காலிமனை. மலைக்கோயிலின் விளக்குகள் முதுகுப் பக்கம் தூரத்தில் மங்கிக் கிடந்தன. இப்படியொரு இருட்டு திருத்தணியில் தவம் கிடந்தாலும் அடிக்கடி வாய்க்காது. மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, மடியில் நட்சத்திர அட்லஸை விரித்து, இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கச் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டிய டார்ச்சை அதன்மேல் பிடித்துக்கொண்டு அவன் தென்கிழக்கே பார்த்தான். படிக்கட்டு அறையின் தலைக்கு மேலே, விரித்த கையாக, அஸ்தம் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்மூலை நட்சத்திரம் மட்டும் இல்லை.

தப்பு வானத்தில் இருக்காது, மடியில்தான் இருக்கும். இது அவன் இந்தப் பைத்தியத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். போன வாரம் சென்னையிலிருந்து வரவழைத்த புது அட்லஸ் அது. பனியில் ஊறாத வழவழப்புத் தாள், முறம் அகலம், கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்களையும் பொடிப்பொடிப் புள்ளியாக வாரி இறைத்திருந்தது. அங்கேதான் சிக்கல். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காட்டும் படம் வழி சொல்லும். எல்லாவற்றையும் காட்டும் படம் ஆளை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போய்விடும். அவன் புதியதை மூடிவிட்டுப் பழைய மெல்லிய அட்லஸை எடுத்தான். கிழக்கும் மேற்கும் சரியாக அமையும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பெரிய புள்ளி பிரகாசமானது, சின்னப் புள்ளி மங்கலானது. கீழ்மூலையில் இருந்தது பெரிய புள்ளி. கண் கெட்டவனுக்கும் தெரிய வேண்டிய நட்சத்திரம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற தனக்கே கண் போய்விட்டதா என்று சிரித்துக்கொண்டு, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான்.

மூன்றுதான் இருந்தது.

கீழ்ப்பக்கம் இரண்டும் போயிருந்தன. தென்னை ஓலையாக இருக்குமோ? அந்தப் பக்கம் தென்னையே கிடையாது. மேகம் என்றால் ஓரம் புகைந்து வரும், நட்சத்திரம் மங்கி மங்கித்தான் மறையும். இது கத்தரித்த மாதிரி இருந்தது.

மனைவி புஷ்பலதா பார்த்திருந்தால் வாய் வலிக்கக் கிண்டல் செய்திருப்பாள். மாடிக்குக் கிளம்பும்போதுகூட விடவில்லை.

"ஊரே நட்சத்திரத்த போன்ல பாத்துகினு கீது. நீங்க மட்டும் புஸ்தகத்த தூக்கிகினு மாடிக்குப் போறீங்க பாவா."

"போன் வெளிச்சம் பட்டா கண்ணு அவ்ளோதான், லதா. மறுபடி இருட்டு பழக அரைமணி நேரம் ஆவும்."

"அப்ப போனை இங்கியே வச்சிட்டுப் போங்க. நான் படுத்துக்கறேன். கதவுக்கு உள்தாழ்ப்பா போட்டுருவேன், வரும்போது தட்டுங்க."

"ராத்திரில குரங்கு வராது."

"வராதுன்னு அதுகிட்ட எழுதி வாங்கினீங்களா?"

அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவள் அவனை பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். போன மாதம் மலைக்குரங்கு ஒன்று மாடிக்கதவு வழியாக இறங்கிவந்து சமையலறையில் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியதிலிருந்து, இரவோ பகலோ, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. படி ஏறாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவன் மூன்று தட்டுத் தட்டினால் போதும், வந்து திறந்துவிடுவாள். அவளுடைய அந்த அரைத்தூக்க முகத்துக்காகவே அவன் சில நாள் சீக்கிரம் இறங்கியதுண்டு.

இப்போதே இறங்கிவிடலாமா என்று தோன்றியது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் காற்று மாறிவிட்டதை உணர்ந்தான். கரும்பு அரைக்கிற காலம். மாலையிலிருந்தே திருவாலங்காட்டுப் பக்கமிருந்து ஆலையின் பாகு வாசனை லேசான புளிப்போடு வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த வாசனை நின்றுவிட்டிருந்தது. அரக்கோணம் தடத்தில் ஒரு ரயில் ஊதியது. எப்போதும் மாடியில் தெளிவாகக் கேட்கும் ஊதல், போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல அமுங்கி வந்தது. வாசனையும் ஓசையும் வர வேண்டிய திசை அதே தென்கிழக்கு.

அங்கே ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னால் தைரியம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. அட்லஸை மடியில் வைத்து, எந்தெந்த நட்சத்திரம் இல்லை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தான். படத்தில் இருந்து வானத்தில் இல்லாதவற்றை விரலால் தொட்டுக்கொண்டே போனான். அஸ்தத்தின் கீழ்ப்பக்கம். அதற்கு இடப்புறம் ஒரு வரிசை. வலப்புறம் அதே அளவில் இன்னொரு வரிசை. மேலே போகப் போக இரண்டும் நெருங்கின. விரல் தாளில் ஒரு உருவத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றது.

தோள்கள். அதற்கு மேலே, குறுகலாக, தலை.

படிக்கட்டு அறையின் மேல்தளத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரம் இல்லை, அதைவிட நிறைய. சிவப்பு டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினான். புத்தகம் படிக்க மட்டுமே போதுமான அந்த வெளிச்சம் பாதி தூரம்கூடப் போகவில்லை. மறுபடி அண்ணாந்து பார்த்தபோது அஸ்தம் முழுசாக இருந்தது. ஐந்தும்.

அப்பாடா என்று மூச்சு விட்டான்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. கீழே, படிக்கட்டு அறையின் மேல்விளிம்பை ஒட்டியிருந்த நட்சத்திரங்கள் போயிருந்தன. அது போய்விடவில்லை. இறங்கியிருந்தது. இப்போது கதவுக்கு முன்னால் நின்றது.

கீழ்த்தளத்தில் இன்னும் வாடகைக்குப் போகாத கடை. அதற்கு மேல் அவர்கள் வீடு. அதற்கும் மேல் இந்த மாடி. குதித்தால் கால் முறியும், அதோடு போனால் அதிர்ஷ்டம். கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கம் என்று ஒரு உயிர் இல்லை. வழி ஒன்றே ஒன்றுதான், அந்தக் கதவு. அதை உள்ளேயிருந்து அவள்தான் திறக்க வேண்டும். அவன் கத்தினால் பதறி ஏறி வருவாள். வந்து, வயிற்றுப்பிள்ளையோடு, அந்த உருவத்தின் முகத்துக்கு நேராகக் கதவைத் திறப்பாள்.

கத்தக்கூடாது. அதில் மட்டும் அவன் உறுதியாக இருந்தான். விடிகிறவரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அது எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் மட்டும் தூங்கட்டும், என் செல்லம், அசையாமல் தூங்கட்டும்.

நட்சத்திரம் ஒன்று அணைந்தது. கதவுக்கு இப்பால். இன்னொன்று. அது அவனை நோக்கி ஒரு எட்டு வைத்திருந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தான். பயத்தில் எவனும் செய்வதைத்தான் செய்தான். ஆனால் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கியவன் செய்யக்கூடாத ஒன்று. ரப்பர் பேண்டைப் பிய்த்து, சிவப்புத் தாளை உருவி எறிந்துவிட்டு, டார்ச்சை முழு வெள்ளையில் கதவின்மேல் அடித்தான்.

சுண்ணாம்புச் சுவர். நீலக் கதவு. கொடியில் காய்ந்த அவளுடைய நைட்டி. தண்ணீர்த் தொட்டி.

வேறொன்றும் இல்லை.

மாடி முழுக்க டார்ச்சைச் சுற்றினான். ஒன்றுமில்லை. அது வெளிச்சத்தில் தெரிகிற பொருளே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தனக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிச்சத்தை மறைத்தால்தான் அது தெரியும். டார்ச்சை அணைத்தான்.

வானம் இல்லை.

வானம் மொத்தமும் ஒரே கறுப்பு. வெளிச்சம் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. உச்சியில் இரண்டு மூன்று பெரிய நட்சத்திரங்கள் நீரில் கரைந்தவைபோல நடுங்கின, அவ்வளவுதான். அரைமணி நேரம். அவனே அவளிடம் சொன்ன அரைமணி நேரம். அது எங்கே நிற்கிறது என்று இனி அவனுக்குத் தெரியாது. கதவருகே இருக்கலாம். நாற்காலிக்குப் பின்னால் இருக்கலாம்.

அட்லஸை மார்போடு அணைத்துக்கொண்டு காதைத் தீட்டினான். நாய் குரைக்கவில்லை. காற்று இல்லை. பனி மட்டும் தாளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தன் மூச்சு தனக்கே அந்நியமாகக் கேட்டது.

பிறகு கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. மூன்று தட்டு. அவன் தட்டுகிற மாதிரியே.

அவன் நாற்காலியில்தான் இருந்தான். கைகள் அட்லஸின் மேல் இருந்தன. கீழே கட்டில் முனகியது. சுவிட்ச் சத்தம். கதவின் அடியில் படிக்கட்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள் கோடாக விழுந்தது. கோட்டின் நடுப்பகுதி இல்லை. அவள் ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறிவருவது கேட்டது.

"தோ வந்துட்டேன் பாவா."

"தொறக்காத!" உயிரைக் கொடுத்துக் கத்தினான். "லதா, தொறக்காத! கீழ போ!"

அவன் குரல் அவனுக்கே அமுங்கிக் கேட்டது. ரயில் ஊதலை எது விழுங்கியதோ அதுவே இதையும் விழுங்கியது. எழுந்து ஓடினான். பார்வையில்லாத கால் நாற்காலியில் தடுக்கி, முழங்கால் தரையில் மோதி, அப்படியே தவழ்ந்தான்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

மஞ்சள் வெளிச்சத்தில் அவள் நின்றாள். பாதிதான் தெரிந்தாள், ஒரு தோள், ஒரு கன்னம், வயிற்றின் மேடு. மீதியை எதுவோ மறைத்தது. தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். அவன் பக்கம் பார்க்கவே இல்லை. எதிரே, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாங்க இது, உடம்பெல்லாம் இப்டி சில்லுனு கீது? பனில எம்மா நேரம் உக்காந்துகினு இருந்தீங்க? வாங்க, வாங்க."

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். கையை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். குதிகால் எழும்ப எக்கி, மிக உயரத்தில், அதைப் போர்த்தினாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

உடனே காற்று வந்தது. பாகு வாசனை வந்தது. அரக்கோணம் பக்கமிருந்து ஒரு ரயில் தெளிவாக, நீளமாக ஊதியது. முருகவேல் தவழ்ந்துபோய்க் கதவை அறைந்தான். கை வலிக்க வலிக்க அறைந்தான். மேலே வானம் மெல்லக் கண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அஸ்தத்தின் ஐந்து நட்சத்திரங்களும் படத்தில் உள்ளபடியே நின்றன.

உள்ளே, இறங்கிக்கொண்டிருந்த காலடி நின்றது. திரும்பி ஏறி வந்தது.

"யாரது?" புஷ்பலதாவின் குரலில் தூக்கம் போயிருந்தது.

"நான்தான் லதா. சீக்கிரம் தொற. வெளிய வந்துரு. உள்ள வந்தது நானில்ல. லதா, பாவா பேசறேன்..."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"பாவா இங்கதான் கீறாரு," என்றாள். "எம் பக்கத்துல. நீ யாரு?"

அவன் தரையில் கன்னத்தை வைத்துக் கதவிடுக்கில் பார்த்தான். மஞ்சள் கோட்டில் அவள் பாதங்கள் இரண்டும் தெரிந்தன. பக்கத்தில் கோடே இல்லை. அந்த இல்லாத பகுதி மெதுவாக அவள் பக்கம் அகலமானது. ஒரு பாதம் போனது. இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருந்த சின்ன வெளிச்சம் போனது. மற்ற பாதமும் போனது. கதவின் அடி முழுக்கக் கறுத்தது.

விளக்கை யாரும் அணைக்கவில்லை. அணைத்திருந்தால் சுவிட்ச் சத்தம் கேட்டிருக்கும்.