தண்ணீர் குடித்த கேமரா

மூன்றாவது மாடி வீட்டின் அழைப்புமணியை அழுத்திவிட்டு, கேமரா வாங்க வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள் அவள். கதவைத் திறந்தது, ஏரியில் மூழ்கிச் செத்தவனின் அண்ணன். அவளை அவனுக்குத் தெரியாது. தம்பி அவளைக் கட்டிக்கொள்ளப் போவதை வீட்டில் சொல்வதற்குள் ஏரி முந்திக்கொண்டது.

தம்பி தனியாகக் குளிக்கப் போனான், கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான் என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். அவள் நம்பவில்லை. கழுத்தில் கேமரா இல்லாமல் கடைக்குக்கூடப் போகாதவன் அவன். அந்தக் கேமரா தண்ணீரில் விழுந்திருந்தால், அதை வீட்டுக்குத் தூக்கி வந்தவன் ஏரிக்கரையில் இருந்திருக்கிறான். கேமராவை அண்ணன் விற்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

பட்டப்பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அறையில் பாசி நாற்றம் அடித்தது.

"புது கேமரா மாதிரிதாங்க. ஒரு கீறல்கூட இல்ல," என்றான் அண்ணன்.

பழைய கேமராவை மேல்பூச்சைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாளிகள். அவள் பேட்டரி மூடியைத் திறந்தாள். உள்ளே உலோகப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது. அடித்திருகாணிகளில் துரு. கைபேசி வெளிச்சத்தை லென்ஸுக்குள் அடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. இது தண்ணீர் குடித்த கேமரா. இனி எந்தக் காலத்திலும் உயிர் பெறாது.

கையோடு கொண்டுவந்திருந்த பேட்டரியைப் போட்டாள்.

திரை ஒளிர்ந்தது.

ஒரு படம் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லி, அண்ணனையே எடுத்தாள். படம் துல்லியமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, திரையில் கண்ணைப் பெரிதாக்குவது படம் எடுப்பவர்கள் வழக்கம். கருமணிக்குள் கேமரா பிடித்தவரின் பிம்பம் தெரியும்.

தெரிந்தது.

அவள் இல்லை.

ஈரத்தலை. நெற்றியில் ஒட்டிய பாசி. அவளுக்கு நன்றாகத் தெரிந்த விரல்கள்.

திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். "இது தண்ணியில விழுந்திருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அவன் முகம் செத்துப்போனது. "நான் தள்ளல," என்று முணுமுணுத்தான்.

தள்ளியதாக அவள் சொல்லவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

"மூழ்கும்போது இழுக்கச் சொல்லி கேமரா வாரை நீட்டினான்..." அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் கேமராவ மட்டும் வாங்கிக்கிட்டேன்."

அவள் பேட்டரியைக் கழற்றினாள். கேமராவை மேசையில், லென்ஸ் அவனைப் பார்க்கும்படி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம். இது உங்களையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

வாசலை நெருங்கும்போது, பின்னால் கேட்டது.

கிளிக்.

பேட்டரி அவள் கையில் இருந்தது.

கிளிக். கிளிக்.

அண்ணன் இருமினான். வாயோரம் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. பேச முடியாமல், அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். இரண்டே எட்டு வைத்திருந்தால் அவள் அதைப் பிடித்திருக்கலாம்.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மனசு குளிர்ந்தது.

உள்ளே இருமல் நின்றது. கிளிக் சத்தம் நிற்கவில்லை.

கதவடியில் தண்ணீர் கசிந்தது. மெதுவாக வந்து, அவள் பாதங்களைத் தொட்டு, அங்கேயே நின்றது.