குவாரி ஏரி

காற்றே இல்லாத சாயங்காலத்தில், கட்டிப்போட்ட பெடல் படகுகளில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

படகுத்துறைக்காரி அதையே பார்த்தபடி நின்றாள். சைக்கிள் பாதைக்கு வந்தவர்கள், பறவை பார்க்க வந்தவர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் எல்லாரும் கிளம்பியாயிற்று. வாசல் பலகையில் பூங்காவின் வரலாறு பாதிதான் இருக்கும்: ஒரு காலத்தில் கல்குவாரி, ஊற்று உடைந்து ஏரியானது, பிறகு மரம் நட்டார்கள். ஊற்று உடைந்த அன்று கீழே வேலை செய்த பதினோரு பேர் மேலே வரவில்லை என்பது அதில் கிடையாது. அதை அவளிடம் சொன்னது அவள் புருஷன். இதே படகுத்துறையில் ஆரஞ்சு பனியன் போட்ட உயிர்காப்பாளர். போன மழைக்காலத்தில் கவிழ்ந்த படகிலிருந்து ஒரு குழந்தையைக் கரையேற்றிவிட்டு, அதன் அப்பாவைத் தேடி மறுபடி முங்கினார். அப்பா தானே நீந்திக் கரை சேர்ந்துவிட்டார். இவர் வரவில்லை. பத்து நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஆபீஸ்ல வேலை போட்டுத் தரேம்மா" என்றார் மேனேஜர், அப்போது.

"வேணாம் சார். அவரு வந்தா இங்க யாராச்சும் இருக்கணும்ல."

இப்போது அவள் கண்ணெதிரே கயிறு அவிழ்ந்து, ஆடிக்கொண்டிருந்த படகு தானாக ஏரியின் நடுவுக்குப் போனது. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. வாட்ச்மேன்.

"கேட்டைப் பூட்டலாமாம்மா?"

"ஒரு படகு அவுந்துக்கிச்சுண்ணே. இழுத்துட்டு வந்துடறேன்."

துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனாள். கரை விலக விலக, பாசி வாடை குறைந்து, அப்போதுதான் பிளந்த கல்லின் சூடான புழுதி வாடை மூக்கில் ஏறியது. தண்ணீருக்கு மேலே ஏது புழுதி? துடுப்பை நிறுத்தினாள்.

டக். டக்.

காலுக்குக் கீழே. ஆழத்தில். கல்லில் உளி விழும் சத்தம்.

குனிந்தாள். எப்போதும் கலங்கிய பச்சையாக இருக்கும் தண்ணீர், கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அடிவரை. கல்லில் வெட்டிய படிகள். படியில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்கள். தலையில், தோளில், கரையாத வெள்ளைப் புழுதி.

உளிச் சத்தம் நின்றது.

அத்தனை முகங்களும் மேலே திரும்பின.

கடைசியில் ஆரஞ்சு பனியன்.

"என்னங்க..."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவரைத் தொட்டார். அந்த ஆள் நகர்ந்தார். அடுத்தவர் நகர்ந்தார். வரிசை முழுக்க நகர்ந்தது.

ஓர் ஆள் உட்கார இடம்.

புருஷன் அந்தக் கல்லை உள்ளங்கையால் துடைத்தார். மெதுவாக. சுத்தமாக. துடைத்துவிட்டு, அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.